உழாமல் விளைந்த நெல்

திருகோணமலை எண்டால் எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வாறது துறைமுகம். பிறகு கோணேசர் கோயில், எண்ணெய்த் தாங்கிகள், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் போட்ட குண்டு. எங்கட மாவட்டத்தின் வரலாற்றைப் பெரும்பாலும் கடல் பக்கமிருந்துதான் எழுதியிருக்கினம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் கப்பலில் வந்தவை. அவரவர் வந்த பக்கத்தில் இருந்து எழுதினார்கள்.

இந்தக் கட்டுரையில் நாங்கள் குளத்துப் பக்கம் போகிறோம். குளக்கரைச் சேற்றில் தானாக முளைக்கிற ஒரு புல்தான் விசயம். பார்த்தால் நெல் மாதிரியே இருக்கும். கதிர் விடும், மணி பிடிக்கும், மணியின் நுனியில் நீளமாக, சிவப்பாக ஒரு வால் இருக்கும். கையால் தொட்டால் மணி உதிர்ந்து தண்ணீரில் விழும். யாரும் விதைக்கிறதில்லை, அறுக்கிறதுமில்லை. மாடு மேயும், தாரா கொத்தும். தாவரவியலில் இதன் பெயர் ஒரைசா நிவாரா. பழைய தமிழ் அகராதிகளில் நீவாரம் என்ற சொல்லுக்குக் குளநெல் என்று பொருள் போட்டிருக்கும். அந்தக் குளநெல் இதுதான்.

நாங்கள் சோறாகச் சாப்பிடுகிற அத்தனை நெல்லினதும் மூதாதைக் குடும்பத்தில் இது ஒன்று. எங்கட குளக்கட்டுக்கு உள்பக்கம் இது இன்னும் உயிரோடு நிக்குது. ஆனால் அதன் பெயர் எங்கட வாயில் இல்லை.

பெயர் இருந்த காலம்

உழாமல் கிடைக்கிற உணவுக்குப் பழைய காலத்தில் ஒரு தனி மதிப்பு இருந்திருக்கு. பாரியின் பறம்பு மலையைப் பாடிய கபிலர், உழவர் உழாமலே அங்கே கிடைக்கும் நான்கு விளைபொருட்களைப் புறநானூற்றில் அடுக்குகிறார். முதலாவது மூங்கில் நெல். மூங்கிலும் புல் இனம்தான். மன்னர்கள் முற்றுகையிட்டாலும் அந்த மலை பட்டினி கிடக்காது என்பதற்கு அவர் காட்டிய சாட்சி அது.

வடமொழி மரபில் அந்த மதிப்பு நீவாரத்துக்கு இருந்தது. காட்டில் தவம் செய்கிறவர்களின் உணவு நீவாரம். ஏர் பிடித்து மண்ணைக் கிளறாமல் கிடைத்தது என்பதால் அது தூய்மையானது. காளிதாசனின் சாகுந்தலத்தில் ஆசிரமம் ஒன்று பக்கத்தில் இருக்கிறதுக்கு முதல் அடையாளமே, கிளி வாழும் மரப்பொந்தில் இருந்து கீழே சிந்தியிருக்கும் நீவார மணிகள். இந்தியாவின் சத்தீஸ்கரில் ஆவணி மாதத்து விரதம் ஒன்றில் பெண்கள் உழுத நிலத்தில் விளைந்ததைச் சாப்பிடமாட்டார்கள். அன்றைக்குக் காட்டு நெல் அரிசியைத்தான் தேடி வாங்குவார்கள். சாதாரண அரிசியை விட அதுக்கு அன்றைக்கு விலை அதிகம்.

எங்கட பக்கம் கதை வேறு மாதிரிப் போயிட்டுது. இங்கே வயலில் தானாக முளைத்து உதிர்கிற நெல்லைப் பொதுவாகப் பன்றிநெல் எண்டு சொல்லுவினம். சிங்களத்திலும் 'ஊரு வீ' என்றால் அதே பொருள்தான். முனிவரின் நெல் ஒரு மொழியில், பன்றியின் நெல் இன்னொரு மொழியில். இந்த இரண்டு பெயருக்கும் இடையில் என்ன நடந்தது என்பதுதான் நாங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

குளம் கட்டினவன் யார்?

கோணேசர் கல்வெட்டு என்ற நூல் கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் கட்டியதாகச் சொல்கிறது. சூளவம்சம் வழியாக வருகிற மரபு ஏழாம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதியைக் காட்டுகிறது. இந்தச் சண்டை முகநூலில் இன்னும் முடியவில்லை. அதுக்குள்ள நாங்கள் இறங்கப் போறதில்லை. எவர் கட்டினாலும் குளம் கட்டும்போது ஒரு விசயம் நடக்கும். கட்டுக்கு வெளியே வயல் உருவாகும். கட்டுக்கு உள்ளே, மாரியில் மூழ்கிக் கோடையில் காயும் ஒரு அகலமான ஓரம் உருவாகும். அதை அலைகரை என்பார்கள்.

குளநெல்லுக்கு வேண்டியது சரியாக இப்படியான இடம்தான். இது ஒருவருடப் புல். மழையோடு முளைக்கும், ஆழமில்லாத தண்ணீரில் வளரும், தண்ணீர் வற்றும்போது மணியைச் சேற்றில் உதிர்க்கும். கோடை முழுக்க அந்த மணி மண்ணுக்குள் உறங்கும். அடுத்த மாரிக்கு எழும்பும். ஆற்றோரப் பள்ளங்களிலும் வில்லுகளிலும் இருந்த ஒரு புல்லுக்கு, மன்னர்களும் ஊரவர்களும் கட்டிய நூற்றுக்கணக்கான குளங்கள் புது வீடாகின. துருசுக்கு இந்தப் பக்கம் பயிர் நெல், அந்தப் பக்கம் காட்டு நெல். நடுவில் ஒரு மண்கட்டு. உலர்வலயத்தின் குளங்களில் இந்த அயலவர் உறவு நூற்றாண்டுக் கணக்காக நடந்திருக்கு.

நெல் எங்கட பக்கத்துக்கு எவ்வளவு பழையது? தமிழ்நாட்டில் பழனிக்குப் பக்கத்தில் பொருந்தல் அகழாய்வில் ஒரு சாடிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 490 என்று கணிக்கப்பட்டது. சிவகளையில் முதுமக்கள் தாழி ஒன்றில் கிடைத்த நெல் கி.மு. 1155 என்று 2021இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அனுராதபுர அகழாய்விலும் கி.மு. முதலாம் ஆயிரமாண்டின் நெல் கிடைத்திருக்கு. பயிர் நெல்லுக்கு மூவாயிரம் வருசம் எண்டு வையுங்கோ. புல் அதுக்கு முன்னமே இங்கே இருந்தது.

கொட்டியாரத்தில் பிடிபட்டவர் பார்த்த நெல்

1660 ஏப்ரலில் ஒரு ஆங்கிலக் கப்பல் கொட்டியாரக்குடாவில் நின்றது. புயலில் பாய்மரத்தை இழந்து, அதைத் திருத்த வந்த கப்பல். மூதூர்ப் பக்கம் கரையிறங்கியவர்களைக் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவர் றொபேட் நொக்ஸ். பத்தொன்பது வருசத்துக்கு மேல் கண்டி இராச்சியத்தில் இருந்துவிட்டு 1679இல் தப்பி அரிப்புக் கோட்டைக்குப் போனார். 1681இல் அவரது புத்தகம் இலண்டனில் வந்தது.

அந்தப் புத்தகத்தில் நெல்லைப் பற்றி நல்லா எழுதியிருக்கிறார். ஏழு மாத நெல், ஆறு மாத நெல், ஐந்து, நான்கு, மூன்று எண்டு வகை பிரித்துப் பெயரோடு சொல்கிறார். தண்ணீர் எவ்வளவு நாளைக்கு நிக்கும் என்பதை வைத்துத்தான் ஆட்கள் எந்த நெல்லைப் போடுவது என்று முடிவு செய்தார்கள் என்பதும் அதில் இருக்கு. விவசாயியின் அறிவு எப்படி வேலை செய்தது எண்டு அந்த வரிகளில் விளங்கும். 1824இல் அலெக்சாண்டர் மூன் வெளியிட்ட இலங்கைத் தாவரப் பட்டியலிலும் நூற்றுக்கு மேற்பட்ட நெல்வகைகள் இருக்கு.

நெல் வகைகளுக்கு இத்தனை பெயர் வைத்த சமூகம், கரையில் நின்ற காட்டு நெல்லைப் புத்தகத்தில் ஏற்றவில்லை. வரி வாங்குகிறவனுக்கு அது தேவையில்லை. கதிர் எண்ணி வரி கணக்கிடலாம், உதிர்ந்து போகிறதை எப்படி எண்ணுவது?

கப்பலில் வந்த அரிசி

1856இல் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் நீர்ப்பாசனச் சட்டம் வந்தது. காடு மூடிக் கிடந்த குளங்களை ஆங்கிலேயர் ஒவ்வொன்றாகத் திருத்தத் தொடங்கினார்கள், கந்தளாயும் அப்படித்தான் மீண்டது. ஆனால் நாட்டின் அரிசிப் பானையைத் தோட்டப் பொருளாதாரம் வெளிநாட்டுக் கப்பலில் கட்டிவிட்டது. பர்மாவில் இருந்தும் இந்தியாவில் இருந்தும்தான் பெரும்பகுதி அரிசி வந்தது. 1942இல் பர்மா ஜப்பானிடம் விழுந்ததும் இலங்கைக்கு அரிசி நின்றுபோனது. பங்கீட்டு அட்டை வந்தது. 1952இல் சீனாவோடு இறப்பர்-அரிசி ஒப்பந்தம் போட்டதுக்கும் பின்னணி அரிசித் தட்டுப்பாடுதான்.

அதே 1952இல் பத்தலகொடையில் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. 1958இல் எச்-4 என்ற நெல்லை வெளியிட்டார்கள். அதன் தாய்வழி முருங்கக்காயன் 302 என்ற எங்கட பழைய நெல், தந்தைவழி இந்தோனேசிய நெல். பிறகு பிஜி வரிசை வந்தது. விளைச்சல் ஏறியது, பசி குறைந்தது. அதை நாங்கள் குறைத்துச் சொல்லப் போறதில்லை. ஆனால் ஒரு வட்டை முழுக்க ஒரே நெல், அதே நெல் பக்கத்து மாவட்டத்திலும் எண்டு வந்தபோது, ஒரு நோய் வந்தால் எல்லாம் ஒன்றாகச் சாயும் நிலையும் சேர்ந்தே வந்தது. ஆசியா முழுவதிலும் இதே கதைதான்.

1980இல் சீனன்குடாவில் பிறீமா மா ஆலை ஓடத் தொடங்கியது. கடல் தாண்டி வந்த கோதுமை எங்கட துறைமுகத்தில் இறங்கி மாவாகி நாடு முழுக்கப் பாணாகப் போகுது. கோதுமையும் ஒரு காலத்தில் எங்கேயோ ஒரு மலையடிவாரத்தில் நின்ற காட்டுப்புல்தான். ஒரு புல்லுக்கு ஆலை கட்டின துறைமுகத்துக்குப் பக்கத்தில், இன்னொரு புல் பெயரில்லாமல் நிக்குது.

ஒரு காட்டுப்புல் ஆசியாவுக்குச் சோறு போட்ட கதை

1970களில் தென்கிழக்காசிய வயல்களில் புல் குட்டை நோய் பரவியது. அறக்கொட்டி எண்டு எங்கட கமக்காரர் சொல்லுகிற கபிலநிறத் தத்திதான் அந்த வைரசைக் காவுகிறது. பிடித்த நெல் கட்டையாகி, புல்லுப் பத்தை மாதிரி நின்றுவிடும், கதிர் வராது. பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன் சேமிப்பில் இருந்த ஆயிரக்கணக்கான நெல் மாதிரிகளைச் சோதித்தது. பயிர் நெல் ஒன்றிலும் எதிர்ப்புச் சக்தி கிடைக்கவில்லை.

கடைசியில் கிடைத்தது ஒரு காட்டு நெல்லில். உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரைசா நிவாரா மாதிரி ஒன்று. அதிலும் எல்லாச் செடிக்கும் இல்லை, சில செடிகளுக்கு மட்டும். குர்தேவ் குஷ் தலைமையிலான குழு அதைப் பயிர் நெல்லோடு கலந்தது. 1974இல் ஐஆர்28, 29, 30 வந்தன, 1976இல் ஐஆர்36 வந்தது. 1980களில் உலகத்தில் சுமார் 1 கோடியே 10 லட்சம் ஹெக்டேயரில் ஐஆர்36 நின்றது. அத்தனைக்கும் பின்னால் ஒரு கை விதை.

இந்தப் புல்லுக்கு நிவாரா எண்டு அறிவியல் பெயர் வைத்ததும் 1965இல்தான். சர்மா, சாஸ்திரி என்ற இரண்டு இந்திய விஞ்ஞானிகள் பழைய பெயரையே எடுத்துக்கொண்டார்கள். பெயர் வைத்துப் பத்து வருசத்துக்குள் அது ஆசியாவின் சோற்றைக் காத்தது. யாரோ ஒருவர் அந்த விதையை முன்னமே எடுத்து வைக்காவிட்டால்?

சீனாவிலும் இதே மாதிரி. 1970இல் ஹைனான் தீவில் ஒரு நீர்நிலை ஓரம் யுவான் லொங்பிங் குழுவினர் கண்ட ஒரு காட்டு நெல் செடியில் பூவின் ஆண் பகுதி மலடாக இருந்தது. சீனாவின் கலப்பின நெல் புரட்சி அந்தச் செடியில் இருந்துதான் தொடங்கியது. அது நிவாராவின் சகோதரம், ஒரைசா ரூபிபோகன்.

இலங்கைக்கு வருவோம். இந்தச் சின்னத் தீவில் ஐந்து காட்டு நெல் இனங்கள் இருக்கு. அதில் ஒன்று, ஒரைசா ரைசோமாட்டிஸ், உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. மண்ணுக்குள் மட்டத்தண்டு ஓட்டி உலர்வலயக் கோடையைத் தாண்டும் புல் அது. 1990இல்தான் டங்கன் வோகன் அதைத் தனி இனமாக விவரித்தார். வரட்சியைத் தாங்கும் நெல்லை உலகம் தேடிக்கொண்டிருக்கிற காலத்தில், எங்கட காட்டோரத்தில் ஒரு நெல் அதைச் செய்துகொண்டிருந்தது.

பன்றிநெல் ஆனது எப்படி

1990களில் கிழக்கு வயல்களில் ஒரு புதுத் தொல்லை கவனத்துக்கு வந்தது. விதைத்த நெல்லோடு முளைத்து, அதை விட உயரமாக வளர்ந்து, அறுவடைக்கு முன்னமே உதிர்ந்து அடுத்த போகத்துக்குத் தானாக முளைக்கிற களை நெல். பன்றிநெல் எண்டு இன்றைக்குக் கமக்காரர் திட்டுவது பெரும்பாலும் இதைத்தான். நாற்று நடாமல் நேரடியாக விதைக்கும் முறை பரவியது ஒரு காரணம், களைகலந்த விதைநெல் இன்னொரு காரணம். பயிர் நெல்லும் காட்டு நெல்லும் கலந்ததும் இதன் பிறப்பில் ஒரு பங்கு எண்டு ஆய்வாளர் சொல்லுகினம்.

ஆக, காட்டு நெல்லும் களை நெல்லும் ஒன்றல்ல. குளக்கரையில் தன்பாட்டில் நிக்கிறது குளநெல். வயலுக்குள் புகுந்து விளைச்சலைத் தின்கிறது பன்றிநெல். இரண்டையும் ஒரே பெயரில் திட்டும்போது, காக்க வேண்டியதையும் சேர்த்துப் பிடுங்கிவிடுகிறோம்.

பிடுங்காவிட்டாலும் அதன் இடம் சுருங்குது. 1976இல் பொல்கொல்லையில் மகாவலி திருப்பப்பட்ட பிறகு, கொட்டியாரக்குடாவுக்கு வருகிற ஆறு பழைய ஆறு இல்லை. வெள்ளத்தை நம்பியிருந்த வில்லுகள் அந்த மாற்றத்தைத் தாங்க வேண்டியிருந்தது. நூறு வருசத்துக்கு முன் அலங்காரத்துக்கு வந்த ஆற்றுவாழை குளங்களை மூடுது. அதை ஒழிக்க 1909இலேயே சட்டம் போட்டும் முடியவில்லை. 2006 ஜூலையில் மாவிலாற்றின் மதகு மூடப்பட்டதில் இருந்து போர் புதிதாகப் பற்றியது. மூதூர், சம்பூர் சனம் இடம்பெயர்ந்தது. பல வருசம் வயலும் குளமும் ஆள் போக முடியாத இடங்களாக இருந்தன. திரும்பி வந்தபோது முதலில் வீடு, பிறகு வயல். குளக்கரைப் புல்லைப் பார்க்க யாருக்கு நேரம்? இப்போது அலைகரையை நிரப்பி வேலி போடுகிறதும், குளத்தை ஆழமாக்குகிறோம் எண்டு ஓரத்தைச் செங்குத்தாக வெட்டுகிறதும் நடக்குது. ஓரம் செங்குத்தானால் குளநெல்லுக்கு நிக்க இடமில்லை.

வளர்க்கிறது எப்படி

இதை வளர்ப்பது கஷ்டமில்லை. ஆனால் வயலுக்குப் பக்கத்தில் வளர்க்கக்கூடாது. மகரந்தம் கலந்தால் பன்றிநெல்லுக்கு நாங்களே வழி திறந்த மாதிரி. வயலில் இருந்தும் வாய்க்காலில் இருந்தும் தள்ளி இருக்கிற பள்ளிக்கூட முற்றம், நகரத்து வீட்டு மாடி நல்ல இடங்கள்.

விதை எடுக்கிறது: கதிரில் மணிகள் ஒன்றாகப் பழுக்காது, பழுத்தது உடனே உதிரும். பூத்து முடிந்ததும் மெல்லிய வலைத்துணிப் பையைக் கதிரில் கட்டி விடுங்கோ, உதிர்கிறது பைக்குள் விழும். ஒரே செடியை மொட்டையடிக்காமல் பல செடிகளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கோ, பெரும்பங்கைக் கரைக்கே விடுங்கோ. சரணாலயங்களுக்குள் அனுமதியில்லாமல் ஒன்றும் பறிக்கக்கூடாது. எந்தக் குளம், எந்த நாள் எண்டு பையில் எழுதுங்கோ. அது இல்லாத விதை ஆய்வுக்குப் பெரிதாக உதவாது.

உறக்கம் கலைக்கிறது: புது விதையைப் போட்டால் பெரும்பாலும் முளைக்காது, ஏமாறாதேங்கோ. நிழலில் காயவைத்துக் கடதாசி உறையில் போட்டு அடுத்த மாரி வரைக்கும் வையுங்கோ. விதை வங்கிகளில் 50 பாகை செல்சியஸ் உலர் சூட்டில் சில நாள் வைப்பார்கள். வீட்டில் உமியை நகத்தால் மெதுவாக நீக்கினாலும் முளைப்பு வேகப்படும்.

நடுகிறது: ஐப்பசி, கார்த்திகை மழையோடு தொடங்கலாம். ஈரக் கடதாசியில் முளைக்கவைத்து, இரண்டு மூன்று இலை வந்ததும் ஓட்டையில்லாத அகலமான பேசினில் வயல்மண் அல்லது களிமண் போட்டு நடுங்கோ. ஒரு சாண் மண் போதும். முதலில் சேறு மட்டும் இருக்கட்டும். செடி ஊன்றியதும் மண்ணுக்கு மேல் நாலு விரல் தண்ணீர். நல்ல வெயில் வேணும், பசளை அதிகம் வேண்டாம். கதிர் வந்ததும் பை கட்டுங்கோ, உதிர்வுக்கு அதுதான் காவல். பிறகு தண்ணீரைத் தானாக வற்ற விடுங்கோ. முடிந்த மண்ணை வயலிலோ வாய்க்காலிலோ கொட்டக்கூடாது.

பேசினில் வளர்க்கிறது அறிமுகத்துக்கு. உண்மையான பாதுகாப்பு இரண்டு இடத்தில். ஒன்று, கன்னொறுவையில் இருக்கிற தாவர மரபுவளங்கள் நிலையம் மாதிரியான விதை வங்கி. மற்றது குளக்கரை. வங்கியில் விதை உறங்கும், மாறாது. கரையில் அது வருசா வருசம் வரட்சியோடும் வெள்ளத்தோடும் பூச்சியோடும் பழகிப் பழகி மாறும். நாளைய நோய்க்கு மருந்து அங்கேதான் உருவாகும். அதனால் குளம் திருத்துகிறபோது கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் இளைஞர்கள் எழும்பி ஒரு கேள்வி கேட்கலாம்: அலைகரையில் ஒரு பகுதியையாவது சரிவாக விட முடியாதா? தண்ணீர் கொள்ளளவில் பெரிய இழப்பு வராது. மாட்டுக்கும் மேய்ச்சல், பறவைக்கும் இரை, மீன் குஞ்சுக்கும் மறைவு.

குளக்கோட்டனா அக்கபோதியா எண்ட கேள்விக்குப் பதில் தேடுகிறவர்கள் தேடட்டும். உங்கட ஊர்க் குளத்தின் கட்டில் ஏறினால், வயல் பக்கம் பார்த்துவிட்டு ஒருக்கால் உள்பக்கமும் திரும்பிப் பாருங்கோ. சிவப்பு வாலோடு ஒரு கதிர் நிண்டால் பக்கத்தில் நிக்கிற தம்பி தங்கச்சிக்குப் பெயரைச் சொல்லிக் கொடுங்கோ: குளநெல்.